வாத்தியாரு வீட்டுக்கு நாம செய்ய வேண்டியது: நம்ம கம்பெனி ஆளுங்க எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

மூணு ஷிஃப்ட்டுலயும் வேலை பாக்கற நம்ம ஆளுங்களுக்கும், காண்ட்ராக்ட்ல வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கும், சங்கத்துல இருக்கற அண்ணன்மாருக்கும், ஆபீஸ்ல இருக்கற ஐயாமாருக்கும் வணக்கம்ங்க.

கம்பெனி கேட்டு முன்னாடி நம்ம வாத்தியாருக்கு கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் முந்தாநாள் மழைல ஒரு பக்கம் கயிறு அறுந்து தொங்கிட்டு இருந்துச்சு, வாட்ச்மேன் தாத்தா அதை அவுத்து தொடச்சு நாலா மடிச்சு அவரு ரூமுக்குள்ள வச்சுட்டாரு, தூக்கி போட மனசு வரல சாமின்னாரு. 23 நாள் ஆச்சுங்க. பதினாறும் முடிஞ்சுது. வந்த ஒறம்பரை எல்லாம் ஊருக்கு போயாச்சு, வாடகைக்கு எடுத்த சேரும் பந்தலும் கூட போயிருச்சு, இப்ப அந்த வீட்ல அவரு சம்சாரம், நம்ம அக்காவும் ரெண்டு பிள்ளைங்களும் அவரோட அம்மாவும் மட்டும்தான். செத்த அன்னிக்கு நாம நூறு பேருக்கு மேல போய் தெருவ அடைச்சு நின்னோம், ஆனா அந்த வீட்டுக்கு நாம வேண்டியது இனிமேதான்னு எனக்கு தோணுது, அதுக்குத்தான் இத எழுதறேன்.

அவரு பேர இதுல போடல. அக்காதான் "பேரு வேண்டாம் கண்ணு, படிக்கறவங்களுக்கு யாருன்னு தெரியும்"னாங்க. நமக்கு அவரு எப்பவுமே வாத்தியாருதான். மோட்டாருக்குள்ள வயர சுத்தற வைண்டிங் செக்‌ஷன்ல ஜன்னலோரம் கடைசி டேபிள்.

அன்னிக்கு அவருக்கு ரெண்டாவது ஷிஃப்ட்டு. பத்து மணிக்கு பஞ்ச் பண்ணிட்டு போறப்ப எங்கிட்ட "நாளைக்கு அந்த ஆறு இன்ச் மோட்டார் ஸ்டேட்டருக்கு நீயே வயரு இழு, நான் பக்கத்துல நிக்கறேன்"னு சொல்லிட்டு போனாரு. வீட்டுக்கு போனதும் நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுன்னு சொல்லியிருக்காரு, கேஸா இருக்கும்னு சோடா வாங்கி குடிச்சு, அப்புறம் ஓமத்தண்ணி, அப்புறம் கொஞ்ச நேரம் உக்காந்து பாத்து, வேர்த்து கொட்டவும் பனியன கழட்டிட்டு ஃபேன் கீழ படுத்திருக்காரு. ரெண்டு மணிக்கு மேல தாங்க முடியாம பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோல கூட்டிட்டு போறப்ப வழியிலயே எல்லாம் முடிஞ்சு போச்சு. 41 வயசுங்க. குடி இல்ல, பீடி இல்ல. சுகர் இருக்குதான்னு கூட ஒரு தடவ டெஸ்ட் பண்ணி பாக்காத மனுசன்.

புதுசா வந்தவங்களுக்கு அவரு யாருன்னு முழுசா தெரியாது, அதனால கொஞ்சம் சொல்றேன், அவசரப்படாம படிங்க.

நான் 2016ல உள்ள வந்தேன். முதல் நாள் அவரு என்னைய வயர தொடவே விடல. மேசை டிராயர தொறந்து ஒரு நகவெட்டிய எடுத்து குடுத்து, "பத்து விரலும் வெட்டு, வளையல கழட்டி டிஃபன் பாக்ஸ்குள்ள வெய்யி"ன்னாரு. எனக்கு கோவம் கோவமா வந்துச்சு, வேலை கத்துக்க வந்தா நகம் வெட்ட சொல்றாரேன்னு. சப்மர்சிபிள் மோட்டார்ல வயர ஊசில நூல் கோக்கற மாதிரி ஒவ்வொரு ஸ்லாட்டுக்குள்ளயும் விட்டு இழுக்கணும், அந்த மோட்டார் தண்ணிக்குள்ளயே கிடந்து ஓடறது, வயரு மேல இருக்கற பிளாஸ்டிக் கோட்டிங்ல ஒரு நகக்கீறல் விழுந்தா போதும், மேல நல்லா ஓடி காட்டும், தண்ணிக்குள்ள எறக்கினதும் எர்த் ஆயிரும். இத அவரு அன்னிக்கு வாயில சொல்லல. ஒரு சின்ன துண்டு வயர எடுத்து என் மோதிரத்துல லேசா ஒரு தேய்ப்பு தேய்ச்சு, தண்ணி பக்கெட்டுல போட்டு, கரண்ட் கசியுதான்னு பாக்கற மெக்கர் மீட்டர வச்சு காட்டுனாரு. முள்ளு சைபர்ல போய் படுத்துச்சு. அப்புறம்தான் சொன்னாரு, "கண்ணு, இந்த மோட்டாரு எண்ணூறு அடி, ஆயிரம் அடி போர்ல எறங்கும். எறக்கறவன் கடன் வாங்கித்தான் எறக்கறான். உன்ர நகத்துக்கு அவன் மறுபடி ஆளு வச்சு பைப்பு பைப்பா தூக்கணும், அதுக்குள்ள பயிரு காஞ்சிரும்"னு. இப்ப எங்கிட்ட கத்துக்க வர்ற பொண்ணுங்களுக்கு நானும் முதல்ல நகவெட்டிதான் குடுக்கறேன்.

பதினஞ்சு வயசுல பொள்ளாச்சி பக்கம் ஒரு ரீவைண்டிங் கடைல எடுபிடியா சேர்ந்தவரு. கருகிப்போன காயில உருவி எடுக்கறது, ஒரு காயிலுக்கு எத்தன சுத்துன்னு எண்ணறது, அப்படியே எண்ணி எண்ணி கத்துக்கிட்டது. ஐடிஐ எல்லாம் இல்ல. ஆனா டெஸ்டிங் பெஞ்சுல மோட்டாரு நோ லோடுல ஓடறப்ப அந்த உறுமல காதுல கேட்டே "ஒரு ஃபேஸ் தள்ளாடுது, எண்ட் கனெக்‌ஷன பிரிச்சு பாரு"ம்பாரு, பிரிச்சா அங்கதான் இருக்கும். டிப்ளமோ முடிச்சுட்டு வந்த தம்பிங்க அவர்ட்ட வந்து நிப்பாங்க, அவரும் ஒருத்தரையும் குறைச்சு பேச மாட்டாரு, "நீங்க படிச்சத எனக்கு சொல்லுங்க, நான் பாத்தத உங்களுக்கு சொல்றேன்"ம்பாரு.

பீகார், ஒடிசால இருந்து வர்ற பசங்க கிட்ட அவரு பேசின இந்தி, அது இந்தியா தமிழான்னு அவருக்கே தெரியாது, ஆனா அவங்களுக்கு எல்லாம் புரியும். காண்ட்ராக்ட்காரன்னு தனியா பாத்தவரு இல்ல. ஆத்துப்பாலம் மயானத்துல அன்னிக்கு பின்னாடி சுவரோரமா ஒரு பையன் தனியா நின்னு அழுதுட்டு இருந்தானே, அவன் ஜார்கண்ட் பையன், நைட் ஷிஃப்ட்டு முடிஞ்சு தூங்காம நேரா வந்திருக்கான், உள்ள வரலாமா கூடாதான்னு தெரியாம நின்னிருக்கான். அவனுக்கு டைபாய்டு வந்தப்ப அக்கா பத்து நாள் கஞ்சி வச்சு வாத்தியாரு கைல குடுத்து அனுப்பியிருக்காங்க, எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

சரி, இனி காரியத்துக்கு வர்றேன்.

பதினாறுக்கு மறுநாள் நானும் செக்‌ஷன்ல ரெண்டு பேரும் அக்கா வீட்டுக்கு போய் அவரோட பேப்பர் எல்லாத்தையும் பாயில பரப்பி வச்சு பாத்தோம். ஒரு மஞ்சப்பை நிறைய இருந்துச்சு. அதுல கண்டுபிடிச்சத சொல்றேன், ஏன்னா இது உங்க ஒவ்வொருத்தர் வீட்டு விசயமும்தான்.

முதல்ல பிஎஃப். அதுல சேர்ந்திருக்கற பணம் மட்டும்தான் வரும்னு நம்மள்ல நிறைய பேரு நெனச்சுட்டு இருக்கோம். அப்படி இல்லீங்க. இடிஎல்ஐ-ன்னு ஒரு இன்சூரன்ஸ் அதோடயே ஒட்டி இருக்கு. நம்ம சம்பளத்துல அதுக்கு ஒரு பைசா பிடிக்கறதில்ல, கம்பெனிதான் அரை பர்சன்ட் கட்டுது, அதனால பே ஸ்லிப்ல நம்ம கண்ணுல படறதே இல்ல. வேலைல இருக்கறப்ப இறந்துட்டா, அது வேலை எடத்துலயா வீட்லயா, விபத்தா வியாதியான்னு பாக்காம குடும்பத்துக்கு வரும். கடைசி 12 மாச பேசிக்கும் டிஏவும் சேர்த்து சராசரி எடுத்து அத 35 மடங்கு ஆக்குவாங்க, அதோட பிஎஃப்ல இருந்த சராசரி பேலன்ஸ்ல பாதியும் சேரும், ஆனா அந்த பாதி 1,75,000-க்கு மேல போகாது, எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 7 லட்சம். வாத்தியாருக்கு சராசரி 14,000. அப்ப 4,90,000. வீட்டுக்கு ஓடு போடறதுக்கு நடுவுல அட்வான்ஸ் எடுத்தது போக பேலன்ஸ் ரெண்டு லட்சத்து சொச்சம் இருந்துச்சு, அதுல பாதி. ஆக ஆறு லட்சத்துக்கு பக்கமா அந்த குடும்பத்துக்கு வரணும், பிஎஃப் பணம் அது தனி. இத நான் கணக்கு போட்டு சொன்னப்ப அக்கா நம்பல. "அவருக்கே தெரியாதே கண்ணு"ன்னு திரும்ப திரும்ப அதையேதான் சொல்லிட்டு இருந்தாங்க.

அப்புறம் பென்சன். அக்காவுக்கு மாசாமாசம் விதவை பென்சன் பிஎஃப்ல இருந்தே வரும், எவ்வளவு குறைஞ்சாலும் 1000 ரூபாய்க்கு கீழ போகாது, அதுல கால் பங்கு வீதம் ரெண்டு பிள்ளைங்களுக்கும் 25 வயசு வரைக்கும் தனித்தனியா வரும். பெரிய காசு இல்லதான். ஆனா பள்ளிக்கூடம் போற பொண்ணுக்கு பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அப்பா சம்பாதிச்சு வச்சுட்டு போன காசு அது. பிஎஃப், இன்சூரன்ஸ், பென்சன் மூணுக்கும் சேர்த்து இறந்துபோன கேஸுக்குன்னே ஒரே ஃபாரம் வச்சிருக்காங்க, மூணு தடவ அலைய வேண்டியதில்ல, ஆனா அதுல கம்பெனி கையெழுத்தும் சீலும் வேணும்.

இஎஸ்ஐ-ல ஈமச்சடங்கு செலவுக்கு 15,000 உண்டு, மூணு மாசத்துக்குள்ள கேக்கணும், அத இந்த வாரம் குடுத்துட்டோம். வேலைல அடிபட்டு இறந்தாத்தான் இஎஸ்ஐ-ல குடும்பத்துக்கு மாசாமாசம் வரும், வேலைக்கு வர்ற போற வழில நடக்கற விபத்தையும் அதுல சேர்ப்பாங்க, ஆனா வாத்தியாரு கேஸு அதுல வராது. இத அக்காகிட்ட நேராவே சொல்லிட்டேன், இல்லாததுக்கு ஆச காட்டக்கூடாதுங்க.

அப்புறம் கிராஜுட்டி, வேலை பாத்த வருசத்துக்கு கம்பெனி குடுக்கற தொகை. அஞ்சு வருசம் முடிச்சாத்தான்னு எல்லாரும் சொல்லுவாங்க, இறந்து போனா அந்த அஞ்சு வருச கணக்கு கிடையாது, ஒரு வருசம் வேலை பாத்தவன் குடும்பத்துக்கும் உண்டு. வாத்தியாரு 11 வருசம் 8 மாசம், ஆறு மாசத்துக்கு மேல போனா முழு வருசமா எடுக்கணும், அதனால 12. கடைசி மாச பேசிக் டிஏ 14,300, அத 26-ஆல வகுத்தா நாளைக்கு 550, வருசத்துக்கு 15 நாள், 12 வருசம். 99,000 ரூபா. ஆபீஸ் ஐயாமாரே, இந்த 99,000-த்த 30 நாளைக்குள்ள குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு. இன்னும் அந்த வீட்டுக்கு ஒரு லெட்டர் கூட வரல. அதோட தீபாவளி போனஸ். இந்த தீபாவளிக்கு குடுக்கப்போறது போன வருச கணக்கு, அந்த வருசம் முழுக்க அவரு வேலை பாத்தாரு, முழு போனஸ் அவரோடது. இந்த வருசம் ஏப்ரல்ல இருந்து அவரு வேலை பாத்த மாசத்துக்கு அடுத்த தீபாவளிக்கு வரணும். இத யாரும் கேக்க மாட்டாங்க, மறந்து போயிரும், அதனால இப்பவே எழுதி வச்சுக்கங்க. மிச்சம் இருந்த லீவு நாளுக்கும் காசு உண்டு.

நான் மறக்கவே முடியாதது அந்த பாஸ்புக்குங்க. பேங்க் பாஸ்புக்க என்ட்ரி போட்டு கொண்டு வந்து அக்கா பொண்ணு ஒவ்வொரு வரியா படிச்சுட்டு வந்தா, மே மாசம் கடைசில 436 ரூபா பிடிச்சிருக்குன்னா. முந்தின வருசமும் அதே மாதிரி 436. அது பிரதமர் பேர்ல இருக்கற ஆயுள் இன்சூரன்ஸுங்க, வருசத்துக்கு 436 கட்டினா எப்படி இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். அவரு எப்பவோ பேங்க்ல யாரோ சொன்னாங்கன்னு ஒரு கையெழுத்து போட்டிருக்காரு, வீட்ல சொல்லவே இல்ல. அந்த பொண்ணு அந்த வரி மேல விரல வச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தா. நாங்க யாரும் கொஞ்ச நேரம் பேசல. உங்க வீட்லயும் பாஸ்புக்க பாருங்க, 436 பிடிக்குதான்னு. 50 வயசுக்குள்ள இருக்கறவங்க சேரலாம். 20 ரூபான்னு ஒண்ணு பிடிச்சிருந்தா அது விபத்துக்கு மட்டும்.

அதே மாதிரி குழு லோன். அக்கா பேர்லயும் அவரு பேர்லயும் ஒரு லோன் இருக்கு, வாரம் வாரம் கலெக்‌ஷனுக்கு வர்ற பையன் பதினாறு கூட முடியறதுக்கு முன்னாடி வாசல்ல வந்து நின்னான். அவன சொல்லி குத்தமில்ல, அவனுக்கு மேல ஒருத்தன் இருக்கான். ஆனா இந்த மாதிரி லோனுக்கு குடுக்கறப்பவே இன்சூரன்ஸ்னு ஒரு தொகைய பிடிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, லோன் கார்டுல பாத்தா அது எழுதியிருக்கு. அப்ப மிச்ச தவணைய இன்சூரன்ஸ்ல இருந்து எடுங்கன்னு எழுதி குடுத்திருக்கோம். அக்காகிட்ட, பதில் வர்ற வரைக்கும் எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடாதீங்கன்னு சொல்லியிருக்கேன்.

இவ்வளவும் இருக்கே, அப்புறம் என்ன கஷ்டம்னு கேப்பீங்க. கஷ்டம் ஒரு எழுத்துலதாங்க இருக்கு. பிஎஃப்ல அவரு பேருக்கு பின்னாடி இனிஷியல் ஒண்ணு. ஆதார்ல அப்பா பேரு முழுசா முன்னாடி. பேங்க்ல இனிஷியலே இல்ல. பொறந்த தேதி பள்ளிக்கூட டிசி-ல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு. உசுரோட இருந்திருந்தா ஃபோன்ல ஒரு ஓடிபி வந்து ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். இப்ப குடும்பமும் கம்பெனியும் சேர்ந்து தப்ப திருத்த சொல்லி குடுக்கற ஜாயின்ட் டிக்ளரேஷன் போட்டு, கம்பெனி ஒத்துக்கிட்டு, பிஎஃப் ஆபீஸ் ஒத்துக்கிட்டு, அதுக்கப்புறம்தான் கிளெய்மே உள்ள போகும்.

அடுத்தது நாமினி. வேலைக்கு சேர்றப்ப அவருக்கு கல்யாணம் ஆகல, அம்மா பேர எழுதி குடுத்திருக்காரு. ரெண்டு மாசத்துல கல்யாணம் ஆச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாம போயிரும், புதுசா எழுதணும். அவரு எழுதல. நாமினி இல்லைன்னா சட்டப்படி குடும்பத்துக்கு பங்கு பிரிச்சுத்தான் குடுப்பாங்க, அதுக்கு தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ் வேணும், இ-சேவைல அப்ளை பண்ணியாச்சு, விஏஓ விசாரணைக்கு வந்துட்டு போயிட்டாரு. நல்ல வேளைங்க, அந்த அம்மா. எழுபது வயசு. நாங்க இத எப்படி பேச்செடுக்கறதுன்னு தயங்கிட்டு இருந்தப்ப அவங்களே திண்ணைல இருந்து "எனக்கு எதுக்கு சாமி காசு, என்ர பங்கையும் அவ பேர்லயே எழுதுங்க, அவ எனக்கு சோறு போடுவா"ன்னாங்க. எல்லா வீட்லயும் இப்படி சொல்ல மாட்டாங்க, உங்களுக்கே தெரியும், எத்தன வீட்ல மாமியா மருமக ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்காங்க.

நான் ஏன் இவ்வளவு பதறறேன்னு சொல்லிடறேன். எங்கப்பா மில்லுக்காரரு. 1998ல மில்லுல வேலை பாக்கறப்பவே தவறிட்டாரு, எனக்கு அப்ப ஏழு வயசு. எங்கம்மாவுக்கு கையெழுத்து மட்டும்தான் போட தெரியும். மூணு வருசம் நடந்தாங்க. மில்லு ஆபீசுக்கு போனா பிஎஃப் ஆபீஸ்ல கேளும்பாங்க, அங்க போனா மில்லுல இருந்து பேப்பர் வரலம்பாங்க, பஸ்ஸுக்கு காசு இல்லாதப்ப என்னைய இடுப்புல வச்சுட்டு சிங்காநல்லூர்ல இருந்து நடந்தே போயிருக்காங்க. அப்பாவோட வேலை பாத்தவங்க எல்லாரும் நல்லவங்கதான், எல்லாரும் துக்கத்துக்கு வந்தாங்க, அழுதாங்க. ஆனா அம்மா கூட அந்த ஆபீசுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், லீவு போட்டுட்டு யாரும் வரல. வந்திருந்தா அந்த மூணு வருசம் மூணு மாசமா ஆகியிருக்கும். எங்கம்மா இதுவரைக்கும் யாரையும் ஒரு வார்த்த கொறையா சொன்னதில்ல, எனக்குத்தான் மனசுல அப்படியே இருக்கு.

அதனால ஆபீஸ்ல இருக்கற ஐயாமாரே, உங்ககிட்ட கும்பிட்டு கேக்கறது இதுதான். பிஎஃப்ல எக்ஸிட் தேதி போடறப்ப வேலைய விட்டு நின்னுட்டார்னு போட்டுடாதீங்க, பணியில இருக்கறப்ப இறந்தார்னு போடுங்க, தப்பா போட்டா அந்த ஒரு கிளிக்குல ஆறு லட்சம் மாட்டிக்கும். ஜாயின்ட் டிக்ளரேஷன்ல இந்த வாரமே கையெழுத்து போடுங்க. அக்காவ "நாளைக்கு வாங்க"ன்னு சொல்லாதீங்க, போன வாரம் ரெண்டு தடவ வந்து கேட்டுலயே ஒரு மணி நேரம் நின்னுட்டு போயிருக்காங்க, அவரு 11 வருசம் நுழைஞ்ச கேட்டுங்க அது. ஒரே ஒரு ஆள சொல்லுங்க, இந்த கேஸு முடியற வரைக்கும் இவர்தான் பாப்பாருன்னு, அவரு ஃபோன் நம்பர அக்காகிட்ட குடுங்க. முதலாளி வீட்டுக்கு வந்து மாலை போட்டு அழுதத நான் பாத்தேன், அவருக்கு வாத்தியாரு மேல பிரியம் இருக்கு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அந்த பிரியம் டாக்டர் பாலசுந்தரம் ரோடு பிஎஃப் ஆபீஸ் வரைக்கும் ஃபைலா போய் சேரணும், அவ்வளவுதான். அக்காவுக்கு டெய்லரிங் நல்லா வரும், பத்தாவது பாஸ். நம்ம கம்பெனில ஒரு வேலை குடுத்தா சந்தோசம், ஆனா அத அவங்க விருப்பத்த கேட்டு, மூணு மாசம் கழிச்சு கேளுங்க. இப்பவே கூப்பிட்டு அதே வைண்டிங் ஹாலுக்குள்ள நிறுத்தாதீங்க.

சங்கத்து அண்ணன்மாருக்கு. டிசம்பர் சம்பளத்துல லேபர் வெல்ஃபேர் ஃபண்டுன்னு வருசா வருசம் பிடிக்கறாங்களே, அந்த போர்டுல தொழிலாளி பிள்ளைங்களுக்கு படிப்பு உதவி உண்டு, நாம யாரும் அப்ளை பண்றதே இல்ல. வாத்தியாரு பிள்ளைங்களுக்கு அதுல என்ன கிடைக்கும்னு நீங்க கேட்டு சொன்னா நல்லா இருக்கும்.

இனி நம்ம காசு. செத்த அன்னிக்கு டப்பால விழுந்தது 38,400. அதுல காரியத்துக்கு செலவானது போக மிச்சம் 11,000 அக்கா கைல இருக்கு, கணக்கு நோட்டு எங்கிட்ட இருக்கு, யாரு வேணும்னாலும் பாக்கலாம். இப்ப ஒரு நாள் சம்பளம் குடுக்கலாம்னு பேச்சு இருக்கு. நான் சொல்றது, எல்லாருக்கும் ஒரே நாள் சம்பளம்னு கட்டாயம் வேண்டாம், வீட்ல கல்யாணம் வச்சிருக்கறவங்க இருக்காங்க, ஆஸ்பத்திரி செலவுல இருக்கறவங்க இருக்காங்க. முடிஞ்சத குடுங்க, 50 ரூபான்னாலும் சரி, யாரு எவ்வளவுன்னு போர்டுல ஒட்ட வேண்டாம். அந்த காசு அக்கா பேர்ல இருக்கற பேங்க் அக்கவுண்ட்டுக்கே நேரா போகணும், நடுவுல யாரு கைக்கும் வேண்டாம், என் கைக்கும் வேண்டாம். அதவிட எனக்கு முக்கியமா படறது, ஒரே தடவையா குடுத்துட்டு மறந்துடறதுக்கு பதிலா, செக்‌ஷனுக்கு ரெண்டு பேரா மாசம் ஒரு செக்‌ஷனா முறை வச்சு அரிசி பருப்பு மளிகை வாங்கி குடுக்கறது. பிஎஃப் பணம் வர்ற வரைக்கும். வைண்டிங்ல நாங்க இந்த மாசம் எடுத்துக்கிட்டோம், அடுத்த மாசம் மெஷின் ஷாப்ல சரின்னிருக்காங்க.

பணம் வந்ததுக்கு அப்புறமும் ஒண்ணு இருக்கு. இவ்வளவு பணம் ஒரு வீட்டுக்கு வருதுன்னு தெரிஞ்சா ஒறம்பரை எல்லாம் புதுசு புதுசா மொளைக்கும். வட்டிக்கு விடலாம், நெலம் வாங்கலாம், யாரோ மாசம் மூணு பர்சன்ட் தர்றாங்கன்னு. ஈமு கோழின்னு 2012ல நம்ம பெருந்துறை பக்கம் எத்தன குடும்பம் போட்ட பணத்த விட்டுட்டு நடுத்தெருவுல நின்னுச்சுன்னு நாம கண்ணால பாத்திருக்கோம். போஸ்ட் ஆபீஸ்ல மாசாமாசம் வட்டி வர்ற திட்டத்துல போட்டா போதும், அத அக்காகிட்ட சொல்லியிருக்கேன், அவங்க அப்பாவும் அதேதான் சொன்னாரு. யாராவது அவங்கள வேற பக்கம் இழுக்கறது தெரிஞ்சா எனக்கு சொல்லுங்க.

இப்ப உங்க ஒவ்வொருத்தருக்கும். இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு போய் உங்க பிஎஃப் கணக்கோட யுஏஎன் நம்பர்ல உள்ள போய் ஈ-நாமினேஷன் இருக்கான்னு பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினதா, பேரு ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கா, பொறந்த தேதி சரியா. தெரியலைன்னா வெக்கப்படாம எங்கிட்ட வாங்க, டீ டைம்ல பாத்து தர்றேன், இதுவரைக்கும் 14 பேருக்கு பாத்தோம், அதுல ஒன்பது பேருக்கு ஏதாவது ஒண்ணு தப்பு. காண்ட்ராக்ட்ல இருக்கறவங்களுக்கும் யுஏஎன் உண்டு, இந்த இன்சூரன்ஸும் உண்டு, உங்க காண்ட்ராக்டர் கட்டறாரா இல்லையான்னு பாஸ்புக்குல மாசாமாசம் தெரியும். அந்த ஜார்கண்ட் பையனோடதத்தான் முதல்ல பாத்தேன். அவன் அம்மா பேர போட்டிருக்கான், சரியாத்தான் இருக்கு.

அப்புறம் நெஞ்சு வலின்னா கேஸுன்னு நெனச்சு உக்காந்துடாதீங்க சாமி. வேர்த்து கொட்டி, இடது கையோ தாடையோ இழுத்து, நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருந்தா சோடா கடைக்கு போகாதீங்க, 108-க்கு அடிங்க. 2023 ஜூன்ல இருந்து "இதயம் காப்போம்"னு ஒரு திட்டம் ஓடுது, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மாரடைப்புக்கு முதல்ல குடுக்க வேண்டிய மாத்திரை வச்சிருக்காங்க, மொத்தம் 14 மாத்திரை, அத போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க. வாத்தியாருக்கு பத்தரைல இருந்து ரெண்டு மணி வரைக்கும் நேரம் இருந்துச்சுங்க. மூணரை மணி நேரம். எனக்கு தூக்கத்துலயும் அந்த மூணரை மணி நேரம்தான் வருது. ஐயாமாரே, வருசத்துக்கு ஒரு தடவ எல்லாருக்கும் பிபியும் சுகரும் கம்பெனிக்குள்ளயே பாக்க ஏற்பாடு பண்ணுங்க, காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் சேர்த்து.

அவரோட மேசைய இன்னும் யாரும் தொடல. அந்த நகவெட்டி, ஸ்லாட்டுக்குள்ள வயர தள்றதுக்கு அவரே சீவி வச்ச மூங்கில் குச்சிங்க ஏழெட்டு, ஒரு பழைய டைரில அவரு கைப்பட எழுதின வைண்டிங் டேட்டா, எந்த ஹெச்பி-க்கு எந்த கேஜ் வயரு, எத்தன சுத்து, எத்தன ஸ்லாட்டு தள்ளின்னு, பதினஞ்சு வருச எழுத்து. அந்த டைரிய எல்லா பக்கமும் ஃபோட்டோ எடுத்து நமக்கு வச்சுட்டு, டைரிய அப்படியே வீட்டுக்கு குடுத்துடலாம்னு சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட கேட்டேன், சரின்னுட்டாரு. மூங்கில் குச்சிய அவரு பையன் கேட்டான். மூணாவதுதான் படிக்கறான். எதுக்குடான்னா "அப்பா வாசம் வருது"ன்னான்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு அக்கா வீட்ல மறுபடி உக்கார்றோம். வாரிசு சான்றிதழ் வந்துரும்னு விஏஓ சொல்லியிருக்காரு, பிள்ளைங்க பேர்ல பேங்க் அக்கவுண்ட் பாஸ்புக்கும் ரெடி, ஃபாரம் எழுதணும், ரெண்டு சாட்சி வேணும். திங்கக்கிழமை பிஎஃப் ஆபீசுக்கு அக்கா கூட நான் போறேன், லீவு எழுதி குடுத்துட்டேன். வண்டி வச்சிருக்கறவங்க யாராவது ஒருத்தரு கூட வந்தா அந்த அம்மாவையும் கூட்டிட்டு போகலாம், அவங்க கையெழுத்தும் வேணும், பஸ்ல ஏற மாட்டாங்க. வர முடிஞ்சவங்க சனிக்கிழமைக்குள்ள எங்கிட்ட சொல்லிருங்க.

இப்படிக்கு,
வைண்டிங் செக்‌ஷன்ல இருந்து, வாத்தியார்ட்ட வேலை கத்துக்கிட்ட உங்க தங்கச்சி